சும்மா இருந்த மதியத்தில் தேடிய விடுதிகள்: டர்பனிலிருந்து ஒரு மதிப்புரை

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம் டர்பனில் எளிதில் நகர்வதில்லை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சட்ஸ்வர்த் மேடுகளில் ஏறும்போதே புழுக்கமாகிவிடுகிறது. பிரியாணி உண்ட களைப்பில் வீட்டார் ஆளுக்கொரு மூலையில் கண்ணயர்ந்துவிட, தூக்கம் வராதவருக்கு மட்டும் உட்கார்ந்திருக்கவும் பொறுமை இல்லை, எழுந்து போவதற்கும் இடமில்லை. அப்படி ஒரு மதியத்தில் நம் தென்னாப்பிரிக்காவில் உள்ள வழக்கத்துக்கு மாறான தங்கும் விடுதிகளைப் பற்றி ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கத் தொடங்கினேன். அது அன்றோடு முடியவில்லை. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் மனம் அந்த விடுதிகளிலேயே போய்த் தங்கியது. அவற்றில் சிலவற்றை நேரில் பார்த்திருக்கிறேன். பலவற்றைப் படித்தும் படங்களைப் பார்த்தும் தங்கியவர்களிடம் கேட்டும் அறிந்திருக்கிறேன். எது பணத்துக்கும் பயணத்துக்கும் தகுதியானது என்று எனக்குத் தோன்றியதை இங்கே எழுதுகிறேன்.

இத்தகைய மதியங்களில் வசதியைத் தேடி மனம் அலைவதில்லை. மெத்தையும் குளிரூட்டியும் இன்று நம்மில் பலர் வீட்டிலேயே இருக்கின்றன. நாளைக் காலையில் கண் விழிக்கும்போது வேறு ஒரு கூரை தெரிய வேண்டும், சாளரத்துக்கு வெளியே வேறு ஒரு சத்தம் கேட்க வேண்டும் என்பதே அந்த ஏக்கம். அந்த ஏக்கத்தைத் தீர்ப்பதாகச் சொல்லும் விடுதிகள் உலகெங்கும் பெருகிவிட்டதால், தேர்ந்தெடுக்க ஓர் அளவுகோல் வேண்டியிருக்கிறது. நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: அந்த விடுதியை அங்கிருந்து பெயர்த்தெடுத்து வேறொரு நாட்டில் வைத்தாலும் அது அப்படியே இருக்குமா? இருக்குமென்றால் அதன் புதுமை வெறும் அலங்காரம். இருக்காதென்றால் அதற்காக நெடுந்தூரம் போகலாம்.

இந்த அளவுகோலில் சுவீடனின் வடகோடியில் யுக்காஸ்யார்வி என்னும் ஊரில் உள்ள பனிக்கட்டி விடுதி எளிதில் தேறிவிடுகிறது. டோர்னே ஆறு உறைந்ததும் அதன் பனியை அறுத்தெடுத்து ஒவ்வொரு குளிர்காலமும் அந்த விடுதியைப் புதிதாகக் கட்டுகிறார்கள். உள்ளே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 5 பாகை அளவில் இருக்க, விருந்தினர் கலைமான் தோல் விரித்த பனிக்கட்டில் மீது உறைபோன்ற தடித்த போர்வைக்குள் தூங்குகிறார்கள். வசந்தம் வந்ததும் கட்டடம் உருகி, தான் வந்த ஆற்றுக்கே திரும்பிப் போய்விடுகிறது. அந்த ஆறு இல்லாமல் அந்த விடுதி இல்லை. நைரோபியில் காலை உணவு வேளையில் ஒட்டகச்சிவிங்கிகள் சாளரத்தின் வழியே தலையை நீட்டும் மாளிகையும், தான்சானியாவின் பெம்பா தீவுக்கு அப்பால் கடலில் மிதக்கும் மேடையின் கீழே மீன்களுக்கு நடுவில் அமைந்த ஒற்றை அறையும் இதே வகையைச் சேர்ந்தவை. ஆனால் இவை மூன்றுமே டர்பன் குடும்பம் ஒன்றுக்குக் கனவாகவே நிற்கக்கூடிய தொலைவிலும் விலையிலும் இருப்பதால், நம் நாட்டுக்கே வருகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் விசித்திரமான விடுதி என்றதும் பலரும் முதலில் சொல்வது சன் சிட்டியில் உள்ள ‘தொலைந்த நகரத்தின் அரண்மனை’யைத்தான். விடுதி அதிபர் சோல் கெர்ஸ்னர் 1992இல் திறந்த அந்த மாளிகை ஒரு கற்பனைக் கதையின்மேல் எழுப்பப்பட்டது. பண்டைக் காலத்தில் இங்கே ஒரு நாகரிகம் இருந்ததாம், நிலநடுக்கத்தில் அழிந்ததாம், இப்போது மீட்டெடுக்கப்பட்டதாம். யானைத் தந்த வடிவங்களும் கோபுரங்களும், நட்டு வளர்த்த காடும், இயந்திரத்தால் அலையெழும் கடற்கரையும், குறித்த நேரத்தில் அதிர்ந்து புகை கக்கும் பாலமும் அங்கே உண்டு. குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கு அந்த அலைக்குளம் ஒரு நாள் முழுக்க மகிழ்ச்சி தரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அங்கே வேலை செய்த கைவினைஞர்களின் திறமையும் குறைந்ததன்று. ஆனால் அந்த நகரம் தொலையவே இல்லை, ஏனென்றால் அது இருந்ததே இல்லை. அங்கே உண்மையாகவே நடந்த வரலாறு அந்தக் கதையைவிட வியப்பானது. 1979இல் சன் சிட்டி எழுந்த இடம் போபுதட்ஸ்வானா என்று நிறவெறி அரசு பெயர் சூட்டிப் பிரித்து வைத்த நிலம். தென்னாப்பிரிக்காவுக்குள் தடைசெய்யப்பட்டிருந்த சூதாட்டமும், இன்னும் பல தடைகளும், அந்த எல்லையைத் தாண்டியதும் இல்லாமல் போயின. அதேபோல் பிரித்து வைக்கப்பட்ட டிரான்ஸ்கேயின் எல்லையில் 1981இல் திறந்த வைல்ட் கோஸ்ட் சன் விடுதிக்கு நம்மவர்கள் போர்ட் எட்வர்ட் வழியாகப் படையெடுத்ததும் இதே காரணத்தால்தான். சொந்த ஊர்க் கடற்கரையில் கிடைக்காத அறை அங்கே கிடைத்தது. அந்த வரலாற்றை ஒரு சுவரிலாவது எழுதி வைத்திருந்தால் அந்த மாளிகையை நான் வேறு விதமாக மதிப்பிட்டிருப்பேன்.

கேப் டவுனில் இரண்டு விடுதிகள் என் பட்டியலில் வந்தன. லாங் தெருவில் உள்ள கிராண்ட் டாடி விடுதியின் மொட்டை மாடியில் அமெரிக்காவின் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்துடைய ஏழு பழைய வெள்ளி நிற இழுவை வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கலைஞரின் கற்பனைக்கு விட்டு அறைகளாக்கினார்கள். இளைஞர்களுக்குப் பிடிக்கும்; எந்த நகரத்து மாடியிலும் இதைச் செய்யலாம். துறைமுகத்தில் உள்ள சைலோ விடுதி அப்படியன்று. அது 1924இல் கட்டிய தானியக் களஞ்சியம். மேற்கு கேப்பின் கோதுமையும் மற்ற தானியங்களும் கப்பலேறக் காத்திருந்த அந்தக் கான்கிரீட் உயரத்தின் மேற்பகுதியில், தாமஸ் ஹெதர்விக்கின் வடிவமைப்பில் தலையணைபோல் வெளியே உப்பிய கண்ணாடிச் சாளரங்களுடன் 28 அறைகள் 2017இல் திறக்கப்பட்டன. அறைக் கட்டணம் நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாதது. ஆனால் அதே கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. தானியக் குழாய்களை அறுத்துக் குடைந்த அதன் நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாலே அந்தக் கட்டடத்தின் பெருமையில் பாதி கிடைத்துவிடும். அறைக்குச் செலவழிப்பதைவிட அந்த நுழைவுச்சீட்டுக்குச் செலவழிக்கலாம் என்பது என் கருத்து.

அந்த மதியத்தில் என்னை உண்மையில் நிமிர்ந்து உட்கார வைத்தது புளூம்ஃபொன்டீன் அருகே உள்ள ஒரு சொகுசு விடுதி. அதன் பெயரை இங்கே சொல்லாமல் விடுகிறேன். அந்த விடுதிக்காரர்கள் தங்கள் நிலத்தில் தகரக் கொட்டகைகள் கொண்ட ஒரு சேரியைப் புதிதாகக் கட்டி, வெளியே கழிப்பறை போன்ற அமைப்பும் மண்ணெண்ணெய் விளக்கும் வைத்து, தரைக்கு அடியில் வெப்பமூட்டியும் கம்பியில்லா இணைய இணைப்பும் கொடுத்து, வாடகைக்கு விட்டார்கள். 2013இல் இந்த விளம்பரம் உலகம் முழுவதும் கண்டனத்துக்கு உள்ளானது. இந்த நாட்டில் இலட்சக்கணக்கான மக்கள் இன்றும் அத்தகைய கொட்டகைகளில் மழைக்கும் தீக்கும் அஞ்சிக் குடியிருக்கிறார்கள். ஒரு மெழுகுவர்த்தி சாய்ந்தால் தெருவே எரிகிறது. அந்த வாழ்க்கையிலிருந்து அச்சத்தை மட்டும் நீக்கிவிட்டு மீதியை வேடிக்கையாக விற்பது எந்த வகையிலும் விருந்தோம்பல் ஆகாது. என் அளவுகோலில் அது தேறாதது மட்டுமன்று, யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அதைப் படித்தபோது எனக்குத் தோன்றிய மற்றொன்றும் உண்டு. அந்த விடுதி இருப்பது ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்தில். 1891இல் அன்றைய ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் குடியரசு இயற்றிய சட்டம் இந்தியர்கள் அங்கே வணிகம் செய்வதையும் நிலம் வைத்திருப்பதையும் குடியேறுவதையும் தடுத்தது. குடியரசு போயிற்று, பிரிட்டிஷார் வந்தார்கள், ஒன்றியம் அமைந்தது, நிறவெறி ஆட்சி வந்தது. அந்தத் தடை மட்டும் 1980களின் நடுப்பகுதிவரை நீடித்தது. டர்பனிலிருந்து ஜோகனஸ்பர்க் போகும் சாலை ஹாரிஸ்மித், வார்டன் ஊர்களின் வழியாக அந்த மாநிலத்தின் ஒரு மூலையைக் கடக்கிறது. என் பெரியம்மா அந்தப் பயணங்களைப் பற்றிக் கேட்டால் எப்போதும் ஒரே சொல்லில் தொடங்குவார்: “இருட்டுறதுக்குள்ள தாண்டிடணும்னு உங்க தாத்தா சொல்லிட்டே ஓட்டுவாரு.” வண்டி பழுதானால் தங்குவதற்கு அறை கிடையாது என்பது தாத்தாவுக்குத் தெரியும். டர்பன் உள்ள நேட்டாலைவிட்டு வேறு மாநிலத்துக்குப் போகவே 1970களின் நடுப்பகுதிவரை இந்தியர்கள் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது.

நேட்டாலுக்குள்ளும் நிலைமை பெரிதாக மாறவில்லை. டர்பன் கடற்கரையிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் இருந்த பெரிய ஹோட்டல்களில் வெள்ளைச் சீருடை அணிந்து தட்டேந்தியவர்கள் பெரும்பாலும் நம் தாத்தாக்கள். அந்த ஹோட்டல்களின் கறியைப் புகழ்ந்து எழுதியவர்கள் உண்டு. அதைச் சமைத்தவர் அங்கே ஒரு இரவு தங்க முடியாது. 1953இல் வந்த தனித்தனி வசதிகள் சட்டம் கடற்கரை, இருக்கை, வாசல் எல்லாவற்றையும் பிரித்தது. 1970களில் சில ஹோட்டல்களுக்குப் ‘பன்னாட்டுத் தகுதி’ என்று ஒன்றை வழங்கி, அங்கே மட்டும் எல்லா நிறத்தவரும் தங்கலாம் என்றார்கள். சட்டம் முழுதாக நீங்கியது 1990இல். நம் குடும்பங்கள் விடுமுறை என்றால் பிரியாணி அண்டாவையும் பாயையும் பக்கி என்னும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போய் மாலையில் திரும்பிவிடும் வழக்கம் இன்றும் தொடர்வதற்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று. தங்குவது என்பது நம் பயணத்தின் பகுதியாக இருந்ததே இல்லை. ஆகவே, ஒரு மதியத்தில் விடுதிகளைப் பற்றிக் கனவு காண்பது எனக்குச் சோம்பேறித்தனமாகத் தோன்றவில்லை. பெரியவர்கள் காண முடியாமல் போன கனவு என்பதால் அதைக் கவனமாகவே காண விரும்புகிறேன்.

இந்தப் பின்னணியோடு பார்க்கும்போது கரூ பாலைநிலத்தில் உள்ள மாட்ஜிஸ்ஃபொன்டீன் எனக்குக் கலவையான உணர்வைத் தருகிறது. கேப் டவுன் செல்லும் நெடுஞ்சாலையிலிருந்து சற்று விலகி, ரயில் நிலையத்தை ஒட்டி ஒரே தெருவாக நிற்கும் ஊர் அது. ஜேம்ஸ் லோகன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ரயில் பயணிகளுக்கு உணவு விற்றுத் தொடங்கி, 1899இல் அங்கே ஒரு ஹோட்டலை எழுப்பினார். அதே ஆண்டில் போயர் போர் மூண்டதால் அது இராணுவ மருத்துவமனையாயிற்று. இன்று லார்ட் மில்னர் என்ற பெயரில் கோபுரங்களும் பால்கனிகளுமாக அது நிற்கிறது. ஒருமுறை வழியில் இறங்கி அந்தத் தாழ்வாரத்தில் தேநீர் அருந்தியிருக்கிறேன். நான்கு பக்கமும் வெறும் பாறையும் வறண்ட புதரும் இருக்க, நடுவில் விக்டோரியா காலத்துத் தெருவிளக்குகள் நிற்பது நம்ப முடியாத காட்சி. விடுதி அந்த ரயில் பாதைக்கும் அந்த மண்ணுக்கும் உரியது என்பதில் குறையில்லை. ஆனால் பேரரசுக்குச் சூட்டிய மாலையாகவே அந்த ஊர் முழுவதும் பேணப்படுகிறது. ஒரு இரவு தங்கலாம். இரண்டாவது இரவுக்கு அங்கே எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ரயில் என்றதும் ரோவோஸ் ரயிலைச் சொல்லாமல் போக முடியாது. ரோஹன் வோஸ் 1989இல் தொடங்கிய இந்த நகரும் ஹோட்டல் பிரிட்டோரியாவில் தன் சொந்த நிலையத்திலிருந்து புறப்படுகிறது. டர்பன் வழித்தடமும் அதற்கு உண்டு. மிக மெதுவாக ஓடும்; தொலைக்காட்சி கிடையாது; கைபேசியை அறைக்கு வெளியே எடுக்கக் கூடாது என்பது விதி. அந்த விதி ஒன்றுக்காகவே அதைப் பாராட்டுகிறேன். நேட்டாலின் ரயில் பாதைகளில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களின் உழைப்பு பெருமளவு கலந்திருக்கிறது. டர்பனில் ரயில்வே பாரக்ஸ் என்றாலே அந்தக் குடும்பங்களின் நினைவுதான். அந்தப் பாதையின் மேல் மெத்தையிட்ட பெட்டியில் படுத்துப் போவதென்றால் நான் அந்த நினைவோடுதான் போவேன். கட்டணத்தைப் பார்த்தபோது, எப்போதாவது அறுபதாம் கல்யாணம் போன்ற ஒரு நாளுக்காகக் குடும்பமே சேர்ந்து சேமித்தால் ஒழிய இது நடவாது என்று புரிந்தது.

நேரில் தங்கி முழு மனதோடு பரிந்துரைக்கக்கூடியது டிராகன்ஸ்பர்க் மலையில் கதீட்ரல் பீக் அடிவாரத்தில் உள்ள டிடிமா முகாம். மாநிலத்தின் வனவிலங்கு நிறுவனமான எசெம்வேலோ நடத்துவது. அந்தப் பள்ளத்தாக்கின் பாறைக் குகைகளில் இந்த மண்ணின் பழங்குடிகளான சான் மக்கள் தீட்டிய ஓவியங்களில் ஈலண்டு மான் திரும்பத் திரும்ப வருகிறது. அது அவர்களுக்குப் புனிதமான விலங்கு. முகாமின் புல்வேய்ந்த வீடுகளை அந்தக் குகைகளை நினைவூட்டும்படி அமைத்திருக்கிறார்கள். முகாமுக்குள்ளேயே பாறை ஓவியங்களைப் பற்றிய காட்சியகம் ஒன்று உண்டு. அதைப் பார்த்துவிட்டு வந்து அந்த வீட்டுக்குள் படுத்தால் கூரையின் வளைவுக்கு ஒரு பொருள் வந்துவிடுகிறது. சமைத்துக்கொள்ள வசதி இருப்பது நம் குடும்பங்களுக்குப் பேருதவி. குறிப்பாகப் புரட்டாசி மாதத்தில் இறைச்சியைத் தொடாமல் விரதம் இருப்பவர்கள் வெளி விடுதிகளில் உருளைக்கிழங்குச் சிப்ஸும் சாலடும் உண்டே நாள் கழிக்க வேண்டியிருக்கும். இங்கே பருப்பும் ரசமும் நாமே வைத்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் கனப்படுப்பு எரிய வேண்டும். கோடையில் பிற்பகலில் இடியும் மழையும் நிச்சயம் என்பதால் மலையேற்றத்தைக் காலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

இனி, இந்தத் தேடலில் எனக்கு மிகுந்த ஆசையை உண்டாக்கிய விடுதிக்கு வருகிறேன். குரூகர் தேசியப் பூங்காவின் ஸ்குகூசா முகாமை ஒட்டி சாபி ஆற்றின் குறுக்கே 1912இல் கட்டி முடித்த செலாட்டி ரயில் பாலம் நிற்கிறது. பூங்கா என்று ஒன்று அமைவதற்கு முன்பே, 1923இல், தென்னாப்பிரிக்க ரயில்வே ஒன்பது நாள் சுற்றுலா ஒன்றைத் தொடங்கியது. அந்த ரயில் காட்டின் நடுவே இந்த இடத்தில் இரவு நிற்கும். பயணிகள் பெட்டிகளிலேயே தூங்குவார்கள். தொடக்கத்தில் யாரும் பொருட்படுத்தாத இந்த நிறுத்தமே பயணத்தின் சிறந்த பகுதி என்று அவர்கள் சொல்லத் தொடங்கியது, இந்தக் காட்டைப் பார்க்க மக்கள் வருவார்கள் என்பதை அதிகாரிகளுக்கு உணர்த்தியது. 1926இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1927இல் முதன்முதலாகக் கார்களை அனுமதித்தபோது அந்த ஆண்டில் வந்தவை மூன்றே மூன்று. பிறகு சாலைகள் பெருகின. 1970களின் தொடக்கத்தில் பூங்காவுக்குள் ரயில் ஓடுவது நின்றது. பாலம் துருப்பிடித்தபடி தனியே நின்றது.

2020 டிசம்பரில் அந்தப் பாலத்தின் மேலேயே பழைய ரயில் பெட்டிகளை நிரந்தரமாக நிறுத்தி, குரூகர் ஷலாட்டி என்ற பெயரில் விடுதியாகத் திறந்தார்கள். பெட்டிகளில் 24 அறைகளும், பாலத்தின் முனையில் கரையில் உள்ள பிரிட்ஜ் ஹவுஸில் 7 அறைகளும் உள்ளன. ஒவ்வொரு பெட்டியின் ஆற்றுப் பக்கச் சுவரும் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. பாலத்தின் நடுவே ஆற்றின் மேல் தொங்கும் நீச்சல் குளம் ஒன்று உண்டு. கீழே யானைகள் நீர் குடித்துக்கொண்டிருக்க மேலே மனிதர்கள் நீந்தலாம். ஓடாத ரயிலில் ஏன் படுக்க வேண்டும் என்று கேட்பவருக்கு நான் சொல்லும் விடை, நூறு ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் நின்ற ரயிலும் இரவில் ஓடவில்லை என்பதே. அந்த விடுதியைப் பெயர்த்து எந்த நாட்டில் வைத்தாலும் அது வெறும் பழைய பெட்டிதான். அந்தப் பாலத்தின் மேல் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு.

படங்கள் சொல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். கோடையில் அந்தத் தாழ்நிலப் பகுதியில் வெயில் 40 பாகையை எட்டும். அதுவே மலேரியாவும் மிகுந்த காலம். கண்ணாடிச் சுவரின் அருமை குளிர்காலத்தில்தான் தெரியும். மே முதல் செப்டம்பர்வரை மழை இருக்காது, புல் காய்ந்து காடு திறந்துவிடும், விலங்குகள் ஆற்றைத் தேடி வரும். சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் பெட்டிகளைவிடக் கரையில் உள்ள அறைகளைக் கேட்பது நல்லது. உணவும் காட்டுச் சுற்றுலாவும் கட்டணத்தோடு சேர்ந்தவை என்பதால் மரக்கறி உணவு வேண்டுமென்று முன்பதிவின்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கட்டணம் இருவருக்கு ஓர் இரவுக்குப் பல ஆயிரம் ராண்ட் ஆகிறது. பூங்காவின் நுழைவுக் கட்டணம் அதற்கு மேல் தனி.

அந்தத் தொகையைப் பார்த்த பிறகு குரூகரில் வேறு எங்கே தங்கலாம் என்று தேடியபோதுதான் பலுலேயைப் பற்றி விரிவாகப் படித்தேன். எந்த விசித்திர விடுதிப் பட்டியலிலும் அதன் பெயர் வராது. ஆலிஃபண்ட்ஸ் ஆற்றின் அருகே ஆறே ஆறு வட்டக் குடிசைகளும் கூடாரம் அடிக்கச் சில இடங்களும் கொண்ட மிகச் சிறிய முகாம் அது. குடிசைகளுக்குச் சாளரம் கிடையாது. மேலே காற்றுக்காக விட்ட திறப்புகள் மட்டும் உண்டு. இன்றுவரை மின்சாரம் இல்லை. மாலையானால் மண்ணெண்ணெய் விளக்குதான். வேலி மெல்லியது, இரவில் கழுதைப்புலிகள் அதன் ஓரமாக நடந்துபோவதைக் கட்டிலிலிருந்தே கேட்கலாம் என்று தங்கியவர்கள் சொல்கிறார்கள்.

அந்தக் குடிசைகள் ஏன் அவ்வளவு எளிமையாக இருக்கின்றன என்பதற்குக் காரணம், நிறவெறிக் காலத்தில் வெள்ளையர் அல்லாத பயணிகளுக்காக அந்தப் பூங்காவில் ஒதுக்கப்பட்ட முகாம் அதுதான். ஸ்குகூசாவிலும் மற்ற முகாம்களிலும் வெள்ளையர் குடும்பங்கள் தங்கிய காலத்தில், சிங்கத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு நெடுந்தூரம் ஓட்டிவந்த கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் இந்தியரும் இந்தச் சாளரமற்ற குடிசைகளில்தான் தங்கினார்கள். விடுதிகள் கதவடைத்த அந்தக் காலத்திலும் காட்டைக் காண வேண்டும் என்று புறப்பட்டவர்கள் நம்மில் இருந்தார்கள் என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதம் சிறியதன்று. இருட்டுவதற்குள் ஊரைக் கடந்துவிட வேண்டும் என்று வாழ்ந்த தலைமுறையில், இருட்டிய பிறகும் காட்டில் தங்கிய சிலர் இருந்திருக்கிறார்கள். ஷலாட்டியின் பெட்டிகளில் 1923இன் பயணிகளை நினைத்துக்கொண்டு தூங்கலாம். பலுலேயின் குடிசையில் நம்மவர்களை நினைத்துக்கொண்டு தூங்கலாம். பூங்காவினர் அந்தக் குடிசைகளைத் திருத்தி நவீனமாக்காமல் அப்படியே விட்டுவைத்திருப்பது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். என் அளவுகோலில் இந்த நாட்டின் எல்லா விடுதிகளுக்கும் மேலாகப் பலுலேயையே வைக்கிறேன்.

போக விரும்புகிறவர்கள் அறிய வேண்டியவை சில. பதிவு தென்னாப்பிரிக்கத் தேசியப் பூங்காக்கள் நிறுவனத்தின் வழியாகவே நடக்கிறது. குடிசைகள் மிகச் சில என்பதால் பள்ளி விடுமுறை நாட்களுக்குப் பல மாதங்களுக்கு முன்பே கேட்க வேண்டும். பலுலேயில் வரவேற்பறை இல்லை. அருகில் உள்ள ஆலிஃபண்ட்ஸ் முகாமில் பதிவை முடித்துக்கொண்டு, வாயில் மூடும் நேரத்துக்கு முன்பாகவே பலுலே போய்ச் சேர வேண்டும். கடையும் உணவகமும் கிடையாது. அரிசி, மசாலா, குடிநீர், விறகு, கைவிளக்கு எல்லாவற்றையும் உடன் கொண்டுபோக வேண்டும். பொதுச் சமையலிடமும் குளியலறையும் உண்டு. மின்விசிறி இல்லாத அந்தக் குடிசைகளில் ஜனவரியின் வெக்கையைத் தாங்குவது முதியவர்களுக்குக் கடினம். ஜூன், ஜூலை மாதங்களே உகந்தவை, ஆனால் இரவில் கம்பளி கட்டாயம் வேண்டும். டர்பனிலிருந்து ஒரே நாளில் ஓட்டிப்போய்ச் சேர்வது களைப்பு தரும் என்பதால், நடுவில் ஓர் இரவைப் பியட் ரெட்டீஃப், எர்மெலோ போன்ற ஊர்களில் கழித்துவிட்டு மறுநாள் மதியத்துக்குள் பூங்கா வாயிலை அடையும்படி திட்டமிடலாம். ஷலாட்டியையும் பார்க்க வேண்டும் என்பவர்கள் திரும்பும் வழியில் ஸ்குகூசாவின் எளிய குடில் ஒன்றில் தங்கி, முகாமின் ஆற்றங்கரைப் பாதையில் நடந்துபோனால் பாலத்தையும் அதன்மேல் நிற்கும் பெட்டிகளையும் கட்டணம் ஏதுமின்றிப் பார்த்துவிடலாம்.